எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு

பினாங்கில் மழைக்காலத்தில் இடி இறங்கினால் கணினியில் முதலில் போவது, நான் பார்த்தவரை, லேன் போர்ட்தான். மறுநாள் காலை பெட்டி வழக்கம்போல் எழும், திரை வரும், ஹார்ட்டிஸ்க் ஓடும். நெட்வொர்க் மட்டும் இருக்காது. மதர்போர்டோடு சேர்ந்தே வந்த அந்தப் போர்ட் செத்துப்போயிருக்கும். ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் இது இன்னும் மோசம். டெலிபோன் கம்பியில் ஏறிய மின்சாரம் மோடத்தைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிடும். இப்போது வீட்டுக்குக் கண்ணாடியிழை வருகிறது, அதில் மின்சாரம் ஏறாது. ஆனாலும் கரண்டு வழியாக வருவது வரத்தான் செய்கிறது.

போர்ட் மட்டும் போன பெட்டியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட் இரண்டு மூன்று இருந்தால் அதற்கு இன்னும் பல வருட வேலை பாக்கி இருக்கிறது. லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போனால் தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய ரேம், கேபிள், டிவிடி டிரைவ் எல்லாவற்றோடும் நெட்வொர்க் கார்டுகள் கிடக்கும். சில வெள்ளிக்கு எடுத்து வந்துவிடலாம். அப்படிச் சேர்த்த கார்டுகளில் மூன்றைத்தான் ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் டியூஷன் நிலையத்தின் லினக்ஸ் பெட்டியில் போட்டிருக்கிறேன். ஒன்று வெளியே, இணையத்துக்கு. ஒன்று பிள்ளைகளின் வகுப்புக் கணினிகளுக்கு. ஒன்று அலுவலகத்துக்கு. கட்டணக் கணக்கும் எஸ்பிஎம் தேர்வின் மாதிரித் தாள்களும் அலுவலகக் கணினியில் இருப்பதால், வகுப்புப் பக்கத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதபடி நெட்வொர்க்கையே பிரித்து வைக்க வேண்டும் என்பது நிலையத்தை நடத்தும் சாருடைய முதல் நிபந்தனை. கார்டு செத்து மாற்றினாலும் அந்தப் பிரிவு குழம்பாதபடி கார்டுகளுக்கு நிலையான பெயர் வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஒரு பெட்டியில் பல கார்டுகள் போடுவது லினக்ஸுக்குப் புதிதில்லை. 1994ல் நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் டாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சேர்ந்து பேவுல்ஃப் என்ற கணினிக் கூட்டத்தைக் கட்டினார்கள். 16 பெட்டிகள், எல்லாம் 486 டிஎக்ஸ்4 பிராசசர். அன்றைய 10 மெகாபிட் ஈதர்நெட் போதாது என்பதால் ஒரே பெட்டியின் பல கார்டுகளை இணைத்து ஒரே வழியாகப் பயன்படுத்தினார்கள். லினக்ஸின் ஆரம்பகால நெட்வொர்க் டிரைவர்களில் பெரும்பகுதி பெக்கர் எழுதியவை. இன்றைக்கு நாம் சந்தையில் பொறுக்கிய கார்டைச் செருகியதும் அது வேலை செய்கிறது என்றால் அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துக் கார்டுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு பிசிஐ எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ வகைக் கார்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாது. எந்த முகவரியில் இருக்கிறது, பிராசசரைக் கூப்பிட எந்தக் குறுக்கீட்டு எண்ணைப் பிடித்திருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். குறுக்கீட்டு எண்கள் மொத்தம் 16தான், 0 முதல் 15 வரை. 3ம் 4ம் சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு, 12 மவுஸுக்கு, 14ம் 15ம் ஹார்ட்டிஸ்க்குக்கு. 5ஐ சவுண்டு கார்டு எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 10, 11 என்று ஒன்றிரண்டு. இரண்டு கார்டு போட்டால் அத்தோடு சரி, ஏனென்றால் ஐஎஸ்ஏவில் ஒரு எண்ணை இருவர் பங்குபோட முடியாது. முகவரியிலும் இதே கதை. என்இ2000 வகைக் கார்டு பதினாறடிமான எண்ணில் 300 என்று உட்கார்ந்தால் அங்கிருந்து 32 இடங்களை வளைத்துக்கொள்ளும். இரண்டாவது கார்டை 360ல் வைத்தால் அது 37எஃப் வரை நீளும்; பிரிண்டர் போர்ட் இருப்பதோ 378ல். அச்சடிக்கும்போது மட்டும் நெட்வொர்க் விழும் பெட்டிகளுக்குப் பின்னால் இந்தச் சின்னக் கூட்டல் கணக்கு இருந்தது. அதுமட்டுமில்லை, டிரைவரைத் தன்னுள்ளேயே வைத்திருந்த பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் கார்டைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடும். இரண்டாவது கார்டு இருக்கிறது என்று கெர்னலை ஏற்றும் லிலோவின் அப்பெண்டு வரியில் ‘ஈதர்’ என்று போட்டு, எண், முகவரி, பெயர் மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிசிஐயில் இந்தச் சுமை இல்லை. ஒவ்வொரு கார்டும் தன் கம்பெனி எண்ணையும் தன் எண்ணையும் தானே சொல்லும். எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘என்என்’ சேர்த்துப் போட்டால் இரண்டும் வரும். ரியல்டெக்கின் கம்பெனி எண் 10இசி. இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்டது 8086, அதன் 1978ஆம் ஆண்டு பிராசசரின் எண். அதே இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972ல் பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. நம்மூர்த் தமிழர் பலர் வேலை பார்த்த இடம். சந்தையில் புரோ 100 கார்டு ஒன்று கையில் வரும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

எந்தக் கார்டை எங்கே வைப்பது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். என் மூன்றில் ஒன்று அந்த இன்டெல் புரோ 100, இன்னொன்று 3காம் 905, மூன்றாவது ரியல்டெக் 8139. மூன்றும் 100 மெகாபிட். மூன்றுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது: முறையே இ100, 3சி59எக்ஸ், 8139டூ. ரியல்டெக் 8139க்கு நல்ல பெயர் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக அதற்கு டிரைவர் எழுதிய பில் பால், மட்டரகம் என்பதற்கே அது புதிய விளக்கம் தந்துவிட்டது என்ற பொருளில் மூல நிரலிலேயே குறித்து வைத்தார். உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசசர் உட்கார்ந்து நகலெடுக்க வேண்டிய அமைப்பு அது. பென்டியம் காலத்தில் அது நிஜமான பாரம். கோர் 2 டூவோ பெட்டியில் 100 மெகாபிட் வேகத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதுதான். நான் தாராளமாகப் பயன்படுத்துகிறேன், ஆனால் உள்பக்கத்தில்.

வெளிப்பக்கத்துக்கு இன்டெல் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. யூனிஃபை கண்ணாடியிழை இணைப்பில் இணையம் விலேன் 500 என்ற முத்திரையோடு (ஒரே கம்பியில் பல நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் அடையாளம்), அதற்குள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇயாக வருகிறது. அந்த முத்திரை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 4 பைட் கூட்டுகிறது. வழக்கமான அதிகபட்ச நீளம் 1518 பைட், முத்திரையோடு 1522. விலேன் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத பழைய கார்டுகளில் சில, அல்லது அவற்றின் டிரைவர்கள், இதை அளவு மீறிய பாக்கெட் என்று ஓசையின்றிக் கீழே போட்டுவிடும். வெளியே தெரியும் அறிகுறி விசித்திரமாக இருக்கும். பிங் போகும், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய பக்கங்கள் பாதியில் நிற்கும். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் அதன் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு, 1492 என்று இருக்க வேண்டும். ஃபயர்வாலில் டிசிபி ஒரு தடவையில் அனுப்பும் தரவின் உச்சமான எம்எஸ்எஸ் அளவையும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் பக்கங்கள் பாதியில் நின்றால், நான் கார்டைத்தான் மாற்றிப் பார்ப்பேன்.

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன், பெயர்கள்.

ஈத்0, ஈத்1, ஈத்2 என்று கெர்னல் வைக்கும் பெயர்கள் கார்டைக் கண்டுபிடித்த வரிசையில் வருகின்றன, அவ்வளவுதான். மூன்று கார்டுக்கும் மூன்று வெவ்வேறு டிரைவர் என்றால் எந்த டிரைவர் முதலில் ஏறுகிறதோ அதன் கார்டு ஈத்0. இன்று இன்டெல், நாளை 3காம். ஒரே கார்டு உள்ள பெட்டியில் இதனால் ஒன்றும் கெடாது. மூன்று கார்டு உள்ள பெட்டியில் பெயர் மாறினால் ஃபயர்வால் உள்ளே வெளியே என்று நினைத்திருப்பது தலைகீழாகிவிடும். வகுப்புக்கு முகவரி கொடுக்க வேண்டிய டிஎச்சிபி அலுவலகத்துக்குக் கொடுக்கும். சார் போட்ட நிபந்தனை ஒரு ரீபூட்டில் காணாமல் போகும்.

லினக்ஸில் வன்பொருளைக் கவனிக்கும் யூடெவ் வந்தபோது இதற்கு ஒரு மருந்து கொண்டுவந்தது. ஒவ்வொரு கார்டிலும் பதிந்திருக்கும் மேக் முகவரியையும் ஒரு கோப்பில் எழுதி, இந்த முகவரிக்கு இந்தப் பெயர் என்று நிரந்தரமாக்கியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊரில் கார்டு இடியில் போய்விடுகிறதே. புதுக் கார்டைப் போட்டதும் கோப்பில் பழைய முகவரி இன்னும் ஈத்1ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியது ஈத்3 ஆகும். ஃபயர்வாலோ ஈத்1 வரும் என்று காத்திருக்கும். கார்டு நல்ல கார்டு, கேபிள் நல்ல கேபிள், இணைப்பு மட்டும் இல்லை. மேக் முகவரியிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. அதைத் தாங்கும் ஈப்ராம் சில்லு கெட்டுப்போன கார்டுகள் எல்லாம் சுழியாகவோ எல்லாம் எஃப் ஆகவோ முகவரி காட்டும்.

பெட்டி எழும்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு, 2013 ஜனவரியில் வந்தது, வேறு வழி எடுத்தது. கார்டு யார் என்று கேட்காமல் எங்கே இருக்கிறது என்று கேட்டது. இஎன்பி5எஸ்1 என்றால் ஈதர்நெட், 5ஆம் பிசிஐ பஸ், 1ஆம் ஸ்லாட். பார்க்க அழகில்லாத பெயர்தான், பலர் திட்டினார்கள், கெர்னல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பழைய ஈத்0க்கே திரும்பிப் போனவர்களும் உண்டு. நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். கார்டு அடிக்கடி சாகும் ஊரில் நிலைத்து நிற்பது ஸ்லாட் ஒன்றுதான். 1ஆம் ஸ்லாட்டில் இருந்த இன்டெல் போய், அதே ஸ்லாட்டில் ரியல்டெக் வந்து உட்கார்ந்தாலும் பெயர் அதே பெயர்.

ஆனால் அந்தப் பெயரை அப்படியே ஃபயர்வாலிலும் டிஎச்சிபியிலும் எழுத நான் விடமாட்டேன். பஸ் எண் கல்வெட்டு இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் புதிதாக ஒரு கார்டைப் போட்டாலோ, பயாஸில் எதையாவது அணைத்தாலோ 5ஆம் பஸ் 6 ஆகலாம். அதனால் நடுவில் ஒரு கோப்பு வைக்கிறேன். ஈடிசியில் சிஸ்டம்டி, அதனுள் நெட்வொர்க் என்ற அடைவில் ஒவ்வொரு கார்டுக்கும் ‘.லிங்க்’ என்று முடியும் சின்னக் கோப்பு. கோப்பின் பெயர் 10 என்று தொடங்க வேண்டும். எண்ணில் சிறியது முதலில் படிக்கப்படும், பொருந்தும் முதல் கோப்பு மட்டுமே செல்லும், பொதுக் கோப்பு 99ல் இருக்கிறது. உள்ளே இரண்டே பகுதி. மேட்ச் பகுதியில் ‘பாத்’ என்று போட்டு அந்த ஸ்லாட்டின் முகவரி. லிங்க் பகுதியில் ‘நேம்’ என்று போட்டு நாம் வைக்கும் பெயர். ஸ்லாட்டின் முகவரியை யூடெவ்ஆட்ம் இன்ஃபோ கட்டளை காட்டும், ‘ஐடி பாத்’ என்ற வரியில். என் பெயர்கள் வெளி, வகுப்பு, ஆபீஸ் என்று பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சுருக்கங்கள். ஈத்0 என்று மட்டும் திரும்பப் பெயர் வைக்காதீர்கள். கெர்னலும் அதே பெயரை அதே நேரத்தில் வேறு கார்டுக்கு வைக்கப் பார்க்கும், இரண்டும் மோதும். 15 எழுத்துக்கு மேல் நீளவும் கூடாது. டெபியன் லினக்ஸில் இன்னொரு வேலை உண்டு. கோப்பை எழுதியபின், பூட் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் சிறிய கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பூட் ஆகும் தொடக்கத்திலேயே யூடெவ் அங்கிருந்து ஓடுகிறது, பழைய நகலைப் பார்த்துப் பழைய பெயரை வைத்துவிடும்.

மேக்கை வைத்துப் பெயரிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. யூஎஸ்பி கார்டு என்றால், எந்தத் துளையில் செருகினாலும் அதே பெயர் வேண்டும் என்றால், மேக்தான் சரி. பிசிஐக்கு ஸ்லாட்.

ஸ்லாட்டை அடையாளம் காண்பதுதான் கையால் செய்யும் வேலை. பெட்டியின் பின்னால் மூன்று ஒரே மாதிரித் துளைகள். ஈத்டூல் கட்டளையில் ‘பி’ போட்டால் கார்டின் விளக்கு மினுக்கும் என்பார்கள், ஆனால் பழைய டிரைவர்கள் எல்லாம் அதற்கு இசைவதில்லை. அப்போது ஐபி மானிட்டர் லிங்க் என்று ஒரு சன்னலில் ஓடவிட்டு, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் செருகினால் எந்தப் பெயர் விழுந்து எழுகிறது என்று திரையிலேயே தெரியும். தெரிந்ததும் உலோகப் பட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறேன். கார்டில் ஒட்டக்கூடாது, பெட்டியின் உடம்பில், ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கார்டு போனால் ஸ்டிக்கரும் போய்விடும்.

முகவரிகள் விஷயத்தில் சார் ஒருமுறை நல்ல கேள்வி கேட்டார்.

“தம்பி, வகுப்புக்கும் ஆபீசுக்கும் ஒரே நம்பர் வரிசையில குடுத்தா என்ன? எனக்கு ஞாபகம் வச்சிக்க சுலபமா இருக்கும்ல?”

“குடுக்கக் கூடாது சார். லினக்ஸுக்கு முகவரி கார்டோடது இல்ல, பெட்டியோடது. வகுப்புக் கார்டைக் கேட்டா ஆபீஸ் கார்டும் ‘நான்தான்’னு பதில் சொல்லும்.”

இதை நம்பாதவர்கள் உண்டு, ஆனால் லினக்ஸ் இப்படித்தான் இயங்குகிறது. இரண்டு கார்டும் ஒரே ஸ்விட்சில், ஒரே 192.168.10 வரிசையில் இருந்தால், ‘இந்த முகவரி யாருடையது’ என்று கேட்கும் ஏஆர்பி கேள்விக்கு இரண்டு கார்டுமே பதில் தரும். கேட்ட கணினி எது முதலில் வந்ததோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் இந்தக் கேபிளில், அடுத்த நிமிடம் அந்தக் கேபிளில். பெயரெல்லாம் சரியாக வைத்த பிறகும் போக்குவரத்து தவறான கார்டு வழியாக ஓடுவதைப் பார்த்து மண்டை காய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஏஆர்பி இக்னோர் 1, ஏஆர்பி அனௌன்ஸ் 2 என்று, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் வைத்து அடக்கலாம். தேவை வந்தால் செய்யுங்கள். டியூஷன் நிலையத்துக்கு அதெல்லாம் வேண்டாம். வகுப்புக்கு 192.168.10, ஆபீசுக்கு 192.168.20, தனித்தனி ஸ்விட்ச். சார் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்.

வெளியுலகுக்கு வழியான கேட்வே ஒன்றே ஒன்று, அது வெளிக் கார்டில் ஏறும் பிபிபிஓஇக்கு மட்டும். உள் கார்டுகளில் கேட்வே வரியை எழுதவே கூடாது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்த ஐபி ஃபார்வர்டிங் 1. என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் வெளியே போவதற்கு, உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாகக் காட்டும் மாஸ்கரேடு, வகுப்பிலிருந்து ஆபீசுக்குப் போகும் எதையும் தடுக்க ஒரு வரி. பெயர்கள் நிலையாக இருப்பதால் அந்த வரியைப் படிக்கும் யாருக்கும் அது என்ன செய்கிறது என்று புரிகிறது.

பழைய கார்டுகளில் இன்னும் இரண்டு தொந்தரவுகள் இருக்கின்றன. ஒன்று, டூப்ளெக்ஸ், அதாவது ஒரே நேரத்தில் இருவழியும் பேசுவதா (ஃபுல்), மாறிமாறிப் பேசுவதா (ஹாஃப்) என்பது. ஒருபக்கம் தானாகப் பேசி முடிவெடுக்க விட்டு, மறுபக்கம் 100 ஃபுல் என்று கட்டாயமாக வைத்தால், பேச்சுக்குப் பதில் வராத பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடித்து ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். அதுதான் விதி. இணைப்பு இருக்கும், விளக்கு எரியும், கோப்பு நகர்த்தினால் ஊரும். ஈத்டூலில் இரண்டு பக்கமும் பார்த்து, இரண்டையும் தானாக விடுவது நல்லது. இன்னொன்று, கார்டிலிருந்து கார்டுக்கு நேராகக் கேபிள் போட்டால் 10, 100 மெகாபிட் காலத்துக் கார்டுகள் பெரும்பாலும் தாமாகக் கம்பி மாற்றிக்கொள்ளாது. 1, 2ஆம் கம்பிகளை 3, 6ஓடு மாற்றிக் கடித்த கிராஸ் கேபிள் ஒன்று பையில் இருக்க வேண்டும்.

கிகாபிட் பிசிஐ கார்டு வாங்கிப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஒன்று. சாதாரண பிசிஐ பஸ்ஸின் மொத்த அளவே வினாடிக்கு 133 மெகாபைட், அதையும் எல்லா ஸ்லாட்டும் பங்குபோட வேண்டும். கிகாபிட் ஒருவழிக்கே 125 மெகாபைட் கேட்கும். ரௌட்டரில் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கார்டில் ஏறி இன்னொன்றில் இறங்குவதால் பஸ்ஸை இரண்டு முறை கடக்கிறது. 100 மெகாபிட் திட்டத்தில் இருக்கும் இடத்துக்குப் பழைய கார்டுகள் போதும். அதற்கு மேல் வாங்கினால் பெட்டியையே மாற்றுவதுதான் நியாயம். கரண்டு பில்லும் கணக்கில் வர வேண்டும். சின்ன ரௌட்டரைவிட இந்தப் பெட்டி நிச்சயம் அதிகம் இழுக்கும்.

பெட்டியைத் தேர்வு செய்யும்போது 64 பிட் பிராசசர்தானா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் கணினிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. பழைய பென்டியம் 4 பலவும் டெபியன் 12ஓடு நின்றுவிடும். கோர் 2 டூவோ காலத்து போர்டுகளில் 64 பிட்டும் உண்டு, பிசிஐ ஸ்லாட்டும் உண்டு. தேட வேண்டியது அதைத்தான்.

போன மழைக்காலத்தில் வகுப்புக் கார்டு போனது. நான் அன்று கோலாலம்பூரில் இருந்தேன். சார் போனில் கூப்பிட்டார்.

“லைட் எரியல தம்பி. நடு ஸ்லாட்டு.”

“கரண்டைப் புடுங்கிட்டு, பையில இருக்கற கார்டுல ஏதாவது ஒண்ணை அதே ஸ்லாட்டுல போடுங்க சார். வேற ஸ்லாட்டு வேணாம்.”

“எந்தக் கம்பெனின்னு பாக்கணுமா?”

“வேணாம் சார். எல்லாம் ஏற்கனவே ஓட்டிப் பாத்ததுதான்.”

அவர் எடுத்துப் போட்டது ஒரு ரியல்டெக். முன்பு அங்கே இருந்தது 3காம். பெட்டி எழுந்தது, அதே பெயர், அதே 192.168.10, ஒரு கோப்பும் தொடாமல். மாலை வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியது.

பையில் மாற்றுக் கார்டுகளை வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை அந்தப் பெட்டியிலேயே போட்டு, டிரைவர் ஏறுகிறதா, ஃபர்ம்வேர் எதுவும் கேட்கிறதா, விலேன் 500 பாக்கெட் முழு நீளத்தில் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். மதர்போர்டே போனால் மட்டும் ஸ்லாட் முகவரிகள் மாறிவிடும். அப்போது அந்த மூன்று லிங்க் கோப்புகளில் ‘பாத்’ வரியை மட்டும் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ரீபூட் செய்தால் போதும். ஃபயர்வாலையும் டிஎச்சிபியையும் தொட வேண்டியதில்லை.